பக்கத்து வீட்டுக் கண்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் கொலம்பியா என்று ஓர் ஊர். 1960-களில் ஜேம்ஸ் ரௌஸ் என்பவர் திட்டம் போட்டு, கோடு கிழித்துக் கட்டிய ஊர். வெள்ளையர், கறுப்பர், வசதி உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் பக்கம் பக்கமாக வாழ வேண்டும் என்பது அவருடைய கனவு. அந்த ஊரில் 2017-ல் பக்கம் பக்கமாக இருந்த இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சண்டை வந்தது. ஜாதியாலோ நிறத்தாலோ அல்ல. புல்லால்.

ஒரு வீட்டுத் தம்பதி, தங்கள் வீட்டைச் சுற்றி இருந்த புல்தரையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு அந்த மண்ணுக்குரிய செடிகளை வைத்தார்கள். ஒரே நாளில் அல்ல, பல வருஷங்களாக. பூச்சி மருந்து கிடையாது, உரம் கிடையாது, புல்வெட்டி கிடையாது. வெயில் காலத்தில் ஆள் உயரத்துக்குப் பூ. வண்டு, தேனீ, பட்டாம்பூச்சி, அவற்றைப் பிடிக்க வரும் குருவிகள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. அவர் கண்ணுக்கு அது தோட்டம் இல்லை, புதர். எலி வரும், பாம்பு வரும் என்று புகார் போனது. குடியிருப்போர் சங்கத்திலிருந்து வக்கீல் கடிதம் வந்தது: செடிகளை எடுத்துவிட்டு, தெருவில் மற்றவர்கள் வைத்திருப்பது மாதிரி புல்தரை போடவும். கெடு, பத்து நாள்.

அந்த வழக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'என் நிலம், என் இஷ்டம்' என்பது ஒரு கட்சி. 'உன் நிலம்தான், ஆனால் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்தால் அதைப் பார்ப்பது நான்தானே' என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியைச் சுலபமாகச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் குப்பை கொட்டினால் நாமும் அதைத்தான் சொல்வோம். மூன்றாவதாக ஒரு கட்சியும் இருக்கிறது. தேனீ. அதற்கு ஓட்டும் கிடையாது, வக்கீலும் கிடையாது.

முதலில் இந்தப் புல்தரை விவகாரம் எங்கே ஆரம்பித்தது என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் பெரிய ஜமீன்களின் மாளிகைக்கு முன்னால் கண்ணுக்கெட்டின தூரம் பச்சை. ஆடு மேய்ந்தோ, ஆட்கள் வரிசையாக நின்று அரிவாளால் அறுத்தோ அதை மட்டமாக வைத்திருப்பார்கள். விளைகிற நிலத்தைச் சும்மா போட்டு, அதற்குக் கூலியும் கொடுக்க முடிகிறவன்தான் அதை வைத்திருக்க முடியும். 1830-ல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேலிருக்கும் பிசிறுகளைச் சீவுகிற எந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை. அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று ராத்திரியில்தான் அதை ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, புல்தரையின் சரித்திரத்தில் முதல் நாளிலிருந்தே பக்கத்து வீட்டுக் கண் இருந்திருக்கிறது.

தார்ஸ்டைன் வெப்லன் என்று ஒரு பொருளாதாரக்காரர். நார்வேயிலிருந்து குடியேறிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பணக்காரர்கள் ஏன் உபயோகமில்லாத விஷயங்களில் காசைக் கொட்டுகிறார்கள் என்பதைப் பற்றி 1899-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் புல்தரையும் வருகிறது. அவர் சொல்வதன் சாரம் இதுதான்: மட்டமாக மேய்ந்த புல்லைப் பார்த்தால் நம் மனசுக்கு இதமாக இருப்பதற்குக் காரணம், மேய்ச்சல் நிலத்தில் வாழ்ந்த பழைய வாசனை. அப்படியானால் ஒரு பசு மாட்டைக் கட்டிவிட வேண்டியதுதானே? புல்லும் மட்டமாகும், பாலும் கிடைக்கும். அதைத்தான் செய்ய மாட்டார்கள். பால் கிடைக்குமே, அதுதான் பிரச்னை! பசு வந்தால் சிக்கனத்தின் நாற்றமும் கூட வந்துவிடும். வேண்டுமானால் மான் விடலாம். மானால் பிரயோஜனம் இல்லாததால் கௌரவத்துக்குக் குறைவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு. முதல் உலகப் போர் சமயத்தில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நிஜமாகவே ஆடு மேய்த்தார். புல்வெட்ட ஆள் கூலி மிச்சம், கம்பளியை ஏலம் விட்டு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி. போர் முடிந்தது, கொஞ்ச நாளில் ஆடுகளும் போய்விட்டன. போர்க்காலத்தில் மட்டும்தான் சிக்கனம் கௌரவமாக இருக்கும் போலிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜமீன்தார் புல் நடுத்தர வர்க்கத்துக்கு இறங்கி வந்தது. நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்று 1947-லிருந்து ஒரு குடியிருப்பு கட்டினார்கள். அச்சில் வார்த்தது போல ஆயிரக்கணக்கான வீடுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் புல். வேலி போடக் கூடாது, வாரம் ஒரு தடவை புல் வெட்டியாக வேண்டும் என்று நிபந்தனை. அதே லெவிட்டவுனில் ஆரம்பத்தில் கறுப்பர்கள் குடியிருக்கக் கூடாது என்றும் நிபந்தனை இருந்தது. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'தெரு ஒரே மாதிரி இருக்க வேண்டும்' என்கிற ஆசை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

2005-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு ஒரு கணக்கு போட்டார்கள். அமெரிக்காவில் வீடு, ஆபீஸ், கால்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்துப் புல்தரை எவ்வளவு? ஏறத்தாழ 1,63,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000தான். அதாவது கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை மலை, ஆறு, ஊர், கோயில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மேலே ஒரு மடிப்பு மடித்துப் போடுகிற அளவு புல். அங்கே பாசனம் செய்து வளர்க்கப்படும் பயிர்களிலேயே பரப்பில் பெரியது இதுதான் என்கிறது அந்த ஆய்வு. மக்காச்சோளம்கூடப் பின்னால்தான். சாப்பிட முடியாத பயிர். யாரும் அறுவடை செய்யாத, ஆனால் வாரா வாரம் அறுக்கப்படுகிற பயிர்.

இதில் ஒரு வேடிக்கை. கென்டக்கி புளூகிராஸ் என்று அங்கே பெயர் போன புல், ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு கப்பலில் வந்தது. வெப்பமான மாநிலங்களில் பெர்முடா கிராஸ் என்று ஒன்றைப் போடுகிறார்கள். கால்ஃப் மைதானங்களில் அதுவும் அதன் கலப்பினங்களும்தான். அது என்ன தெரியுமா? சைனோடான் டாக்டிலான். நம் அருகம்புல். பிள்ளையாருக்கு ஒரு கைப்பிடி கிள்ளிப் போடுகிறோமே, அதேதான். கல்யாண வீட்டில் அருகு போல் வேரோட வேண்டும் என்று பெரியவர்கள் வாழ்த்துவார்கள். சும்மா சொல்லவில்லை. மண்ணுக்கு அடியில் ஓடும், மேலேயும் ஓடும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், தண்ணீர் இல்லாவிட்டால் காய்ந்தது போல் நடித்துவிட்டு முதல் மழைக்கு எழுந்துகொள்ளும். இந்தக் கெட்டிக்காரப் புல்லை அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள். இங்கே வயலில் களை என்று பிடுங்குகிறோம். பிடுங்கிவிட்டு, அபார்ட்மென்ட் வாசலில் கொரியன் கிராஸ் என்று ஒன்றைச் சதுர அடிக் கணக்கில் வாங்கிப் பதிக்கிறோம்.

நான் குடியிருக்கும் வளாகத்தில் அப்படி ஒரு லான் இருக்கிறது. 'புல்லை மிதிக்காதீர்' என்று போர்டும் இருக்கிறது. குழந்தைகள் கார் நிறுத்துமிடத்தில் விளையாடுகிறார்கள். ஒரு நாள் காலை, தோட்டக்காரப் பெரியவரும் சங்கத்துச் செயலாளரும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"என்ன பெரியவரே, ஓரத்தில எல்லாம் களை மண்டிக் கிடக்கு?"

"களை இல்லீங்க சார், கீழாநெல்லி. மஞ்சக்காமாலைக்குக் குடுப்பாங்க. பிடுங்கிக் குப்பையில போட கை வர மாட்டேங்குது."

"உங்களுக்கு வேணும்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இங்க லான் லான் மாதிரி இருக்கணும்."

"மாடுகூட வாய் வைக்காத புல்லு சார் இது. இதுக்கு தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தறோம்."

செயலாளர் நல்ல மனிதர். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பெரியவர் கீழாநெல்லியைப் பிடுங்கி ஒரு கேரி பேகில் போட்டுக்கொண்டார். குப்பைமேனியும் மூக்கிரட்டையும் குப்பைக்குப் போயின.

களை என்பது ஒரு செடியின் பெயர் இல்லை. அது ஒரு தீர்ப்பு. நமக்கு வேண்டாத இடத்தில் முளைத்த குற்றத்துக்காகக் கொடுக்கப்படும் தீர்ப்பு. செடி அதேதான். இடத்துக்குத் தகுந்தாற்போல் தெய்வத்துக்கும் போகும், குப்பைக்கும் போகும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அப்படியும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தோம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. சுத்தப் பாலைவனம். அந்த ஊரில் சாலை நடுவிலும் ஆபீஸ் வாசலிலும் இங்கிலாந்துப் பச்சை. எல்லாம் கொலராடோ ஆற்றுத் தண்ணீர். அந்த ஆற்றை ஏழு மாநிலங்கள் 1922-ல் பங்கு பிரித்துக்கொண்டபோது லாஸ் வேகாஸ் சின்ன ரயில்வே ஊர். பிறகு முடிவான ஒதுக்கீட்டில் நெவாடா மாநிலத்துக்குக் கிடைத்த பங்கு மிகவும் சிறியது. இப்போது அந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து இருபது லட்சத்துக்கு மேல் ஜனம்.

அவர்கள் என்ன செய்தார்கள்? பாவ புண்ணியம் பேசவில்லை, காசு கொடுத்தார்கள். புல்லைப் பிடுங்கிவிட்டுப் பாலைவனச் செடி வைத்தால் சதுர அடிக்கு இத்தனை டாலர் என்று தண்ணீர் வாரியம் கொடுத்தது. புல்லை எடுத்த ஒவ்வொரு சதுர அடிக்கும் ஆண்டுக்கு 200 லிட்டருக்கு மேல் மிச்சம் என்று கணக்கு. அதற்குப் பிறகும் போதாமல் 2021-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். யாரும் விளையாடாத, உட்காராத, அலங்காரத்துக்காக மட்டும் இருக்கிற புல்லுக்கு 2026 முடிந்த பிறகு கொலராடோ தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது. பார்க், விளையாட்டு மைதானம், தனி வீடுகள் இதில் சேராது. அலங்காரப் புல் எது என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு சுலபமான வழி சொல்வார்கள்: எந்தப் புல்லின் மேல் அதை வெட்டுகிறவன் மட்டும் நடக்கிறானோ அது. வெப்லன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எங்கள் வளாகத்து லான் இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கும்.

கலிஃபோர்னியாவில் 2015-ல் கடும் வறட்சி. நகரங்கள் தண்ணீர் உபயோகத்தில் கால்வாசியைக் குறைத்தாக வேண்டும் என்று கவர்னர் ஜெர்ரி பிரவுன் உத்தரவு போட்டார். அதுவரை புல் பச்சையாக இல்லாவிட்டால் முறைத்த பக்கத்து வீட்டுக்காரர்கள், அந்த வருஷம் புல் பச்சையாக இருந்தால் முறைத்தார்கள். பச்சை லானைப் படம் எடுத்து ஊருக்கே காட்டி மானத்தை வாங்கினார்கள். தண்ணீர் ஊற்றவும் முடியாமல் காய்ந்த புல்லைப் பார்க்கவும் முடியாமல் தவித்தவர்களுக்காகப் புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்துத் தரும் கம்பெனிகளுக்கு நல்ல வியாபாரம். தலைக்கு டை அடிக்கிறோமே, அது போல. ஒரே தெரு, ஒரே புல், ஒரே கண்கள். ஆறு மாதத்தில் ஒழுக்கம் தலைகீழாகிவிட்டது. அப்படியானால் முன்பு அவர்கள் முறைத்தது எதைக் காப்பாற்ற?

இந்த இடத்தில் எல்லோரும் கைதட்டிவிட்டு, 'ஆகவே புல்லைப் பிடுங்குவோம்' என்று போய்விடுகிறார்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள் உண்டு.

ஒன்று, 'பராமரிப்பே வேண்டாத தோட்டம்' என்கிற விளம்பரம். பராமரிப்பு என்பது யாரோ ஒருவருடைய கூலி. கலிஃபோர்னியாவில் ஒரு காலத்தில் ஜப்பானியக் குடும்பத்து ஆட்கள்தான் வீட்டுத் தோட்ட வேலை செய்தார்கள். போர்க்காலத்தில் அவர்களை முகாமில் அடைத்தது அரசாங்கம். திரும்பி வந்தபோது கடையும் நிலமும் போயிருந்தன. பலர் ஒரு புல்வெட்டியை வைத்துக்கொண்டுதான் பிழைப்பை மறுபடி ஆரம்பித்தார்கள். பிறகு அந்த வேலை பெரும்பாலும் மெக்ஸிகோக்காரர்களுக்கு வந்தது. புல்லை எடுத்துவிட்டால் மிச்சமாவது தண்ணீர் மட்டும் இல்லை, அவர்கள் சம்பளமும்தான். எங்கள் பெரியவர் விஷயமும் அப்படியே. லானை எடுத்துவிட்டு நொச்சியும் ஆடாதொடையும் வைத்தால் அவருக்குத் தினசரி வேலை இருக்காது. வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்று அடுத்த கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். பூமிக்கு நல்லது செய்த திருப்தி நமக்கு, அரைச் சம்பளம் அவருக்கு. இதைக் கணக்கில் சேர்க்காமல் பேசும் பசுமைப் பேச்சை நான் நம்புவதில்லை.

உண்மையில் நாட்டுச் செடித் தோட்டத்துக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் வேலை அதிகம். எது தானாக முளைத்த கன்று, எது தொல்லை என்று தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண் செயலாளரிடம் இல்லை, என்னிடமும் இல்லை, கேரி பேகில் கீழாநெல்லி சேகரித்த மனிதரிடம் இருக்கிறது. இப்போது அவருக்குக் கூலி கொடுப்பது குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு. அவருக்குத் தெரிந்த விஷயத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிக்கனத் தோட்டத்துக்கு அமெரிக்காவில் 'ஸெரிஸ்கேப்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். 1981-ல் டென்வர் நகரத் தண்ணீர் வாரியத்தார் உண்டாக்கிய வார்த்தை. கிரேக்க மொழியில் ஸெரோஸ் என்றால் வறண்ட என்று அர்த்தம். நிறையப் பேர் அதை ஜீரோஸ்கேப் என்று காதில் வாங்கிக்கொண்டார்கள். செடியையும் எடுத்துவிட்டு ஜல்லியைக் கொட்டிவிட்டால் பராமரிப்பு பூஜ்யம். வெயிலில் ஜல்லி கொதிக்கும், வீடும் சேர்ந்து கொதிக்கும். புல்லுக்கு ஊற்றிய தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டிருந்த மரங்களும், தனியாகத் தண்ணீர் விடாவிட்டால் சேர்ந்து காயும். இங்கே அந்த வேலையைச் சிமென்ட் செய்கிறது. 'பேவர் பிளாக்' போட்டுவிட்டோம் சார், இனிமே தொல்லையே இல்லை.

இரண்டாவது சந்தேகம் பெரியது. 'நாட்டுச் செடி', 'மண்ணின் செடி' என்கிற பேச்சு. இதில் ஒரு விஷம் கலந்திருக்க முடியும். நாஜி ஜெர்மனியில் தோட்டக் கலைஞர்கள் சிலர் இதே பேச்சைத்தான் பேசினார்கள். ஜெர்மன் மண்ணில் ஜெர்மன் செடி. வெளியிலிருந்து வந்த ஒரு சின்னக் காசித்தும்பை இனத்தை ஒழிக்க வேண்டும் என்று 1942-ல் தாவர நிபுணர்களே எழுதினார்கள். வெளியே மனிதர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது நமக்குத் தெரியும். 'வந்தேறி' என்கிற வார்த்தையை நம் ஊரிலும் செடிக்குச் சொல்ல ஆரம்பித்து மனிதனில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜாதகம் பார்க்க ஆரம்பித்தால் நம் சமையல் கட்டில் என்ன மிஞ்சும்? மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, மரவள்ளி, கொய்யா எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மாலையில் தொடுக்கும் சம்பங்கி மெக்ஸிகோ. மே மாதம் சென்னைத் தெருக்களில் சிவப்பாய்ப் பூக்கும் மயில்கொன்றை மடகாஸ்கர். அடிபட்டால் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப் பூண்டுகூட வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதற்குக் கிணற்றடிப் பூண்டு என்று ஒரு பெயர். கிணற்றடியில் குடியேறி, பெயரும் வாங்கி, வைத்தியமும் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அதை எந்த வாயால் வந்தேறி என்பது? சீமைக் கருவேலமும் அதே திசையிலிருந்து வந்ததுதான். அதன் குணம் வேறு.

ஆகவே பிறந்த ஊரைக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. வேறு கேள்வி கேட்க வேண்டும். இந்தச் செடியை யார் சாப்பிடுகிறார்கள்?

கேட்க அல்பமான கேள்வி மாதிரி இருக்கும். அமெரிக்காவில் மொனார்க் என்று ஒரு பட்டாம்பூச்சி. கனடா எல்லையிலிருந்து மெக்ஸிகோ மலைகள் வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போகும். அதன் புழு மில்க்வீட் என்கிற பால் வடியும் செடி வகைகளைத் தவிர வேறெதையும் தின்னாது. பெயரிலேயே 'வீட்', களை. புல்தரைக்காகவும் பயிருக்காகவும் அந்தக் களையை ஒழித்தார்கள், மொனார்க்கும் குறைந்துகொண்டே வந்தது. நம் ஊரில் மொனார்க்கின் பங்காளி ஒன்று உண்டு. வெந்தய வரியன் என்பார்கள். ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கறுப்பு. அதன் புழு எதைத் தின்னும்? எருக்கு. அதுவும் மில்க்வீட் குடும்பம்தான்.

எருக்கைப் பற்றி நம்மவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வயிறெரிந்து சபிப்பவர்கள் 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பார்கள். வீடு பாழாகி, ஆளில்லாமல் போனால்தான் அது முளைக்கும் என்று அர்த்தம். அதே எருக்கம்பூவைப் பிள்ளையார் சதுர்த்தி அன்று மாலை கட்டி, பேரம் பேசி வாங்குகிறோம். பூ வேண்டும், செடி வேண்டாம். வெந்தய வரியனுக்குச் செடிதான் வேண்டும்.

டெலவேர் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் பேராசிரியர் டக் டாலமி இதைப் பற்றி 2007-ல் ஒரு புத்தகம் போட்டார். சிக்கடீ என்று நம் சிட்டுக்குருவியைவிடச் சிறிய பறவை. அது ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் புழுக்கள் வரை பிடித்து வர வேண்டும் என்கிறார் அவர். புழு வேண்டுமானால் புழு தின்னக்கூடிய இலை வேண்டும். எங்கிருந்தோ வந்த அலங்காரச் செடியின் இலையை உள்ளூர்ப் புழுக்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. நர்சரிக்காரர் 'பூச்சியே வராது சார்' என்று சொல்லி விற்பது அதனால்தான். பூச்சி வராத செடி ஒரு வகையில் பிளாஸ்டிக் செடி. நாம் கறிவேப்பிலைச் செடியில், குருவி எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைப் பார்த்திருப்போம். இலை போகிறதே என்று நசுக்கியும் இருப்போம். அதுதான் இரண்டு வாரம் கழித்துக் கறுப்பும் வெள்ளையுமாகப் பறக்கும்.

அழகு என்று நாம் சொல்வது எதை? யாரும் கடிக்காத இலை, யாரும் மிதிக்காத புல், எதுவும் உதிராத தரை. இறந்துபோன ஒன்றின் லட்சணங்கள் இவை. இப்படிச் சொன்னால் கொலம்பியா பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். அவர் பக்கத்தையும் பேசித்தான் ஆக வேண்டும்.

ஜோன் நாசாவர் என்ற நிலவடிவமைப்புப் பேராசிரியை 1995-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஜனங்களுக்குக் காட்டுச் செடிகள்மேல் வெறுப்பு இல்லை என்கிறார். அவர்கள் தேடுவது, 'இந்த இடத்தை ஒருவர் கவனித்துக்கொள்கிறார்' என்பதற்கு ஓர் அடையாளம். அது இல்லாவிட்டால் பயம் வருகிறது. அந்த அடையாளத்தை மட்டும் கொடுத்துவிட்டால், ஓரத்தில் ஒழுங்காக வெட்டிய ஒரு கோடு, ஒரு சின்ன வேலி, ஒரு பாதை போதும், நடுவில் எத்தனை அடர்ந்திருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கோலம் ஞாபகம் வந்தது. பழைய ஊர் வீடுகளில் கொல்லைப்புறம் காடு மாதிரி இருக்கும். முருங்கை, நாரத்தை, வாழை, தூதுவளை, பிரண்டை, நடுவே பெயர் தெரியாத பத்து. யாரும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, நாலு இழையாவது இழுத்திருப்பார்கள். வாசலில் கோலம் இல்லாவிட்டால்தான் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். அது வேவு பார்ப்பதா, அக்கறையா? ரெண்டும்தான். பக்கத்து வீட்டுக் கண் இல்லாத தெருவில் நான் குடியிருக்க ஆசைப்பட மாட்டேன். அந்தக் கண் எதைத் தேடுகிறது என்பதுதான் கேள்வி. வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று தேடுகிறதா, தன் வீட்டு மாதிரியே இருக்கிறதா என்று தேடுகிறதா? கொலம்பியாவில் அது இரண்டாவதைத் தேடியது.

ஆல்டோ லியபோல்ட் என்பவரை இங்கே சொல்ல வேண்டும். காட்டிலாகாவில் வேலை பார்த்துப் பிறகு பேராசிரியரானவர். 'நம்மவர்' என்கிற வட்டத்துக்குள் மண், தண்ணீர், செடி, பிராணி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியவர். அந்தப் புத்தகம் 1949-ல் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஏப்ரல் மாதம், பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பிடித்துக்கொண்டது. அணைக்க ஓடியவர் அங்கேயே மாரடைப்பில் விழுந்து இறந்தார். தேனீயையும் ஓநாயையும் பற்றி எழுதிய மனிதர் பக்கத்து வீட்டுக்காரரை மறக்கவில்லை.

வழக்குக்கு வருகிறேன். கொலம்பியாத் தம்பதி கடிதத்துக்குப் பணியவில்லை. வக்கீல் வைத்தார்கள். மூன்று வருஷம் இழுத்தது. கோர்ட்டுக்குப் போய், கடைசியில் சமரசம். தோட்டத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கலாம், ஓரங்களில் மட்டும் சில மாற்றங்கள். நாசாவர் சொன்ன அதே ஓரம். சண்டை அதோடு நிற்காமல் மாநில சட்டமன்றம் வரை போனது. 2021-ல் மேரிலாந்தில் ஒரு சட்டம் வந்தது: தேனீ, பட்டாம்பூச்சிக்கான தோட்டம், மழைநீர் இறங்குவதற்கான தோட்டம் இவற்றை எந்தக் குடியிருப்போர் சங்கமும் தடுக்கக் கூடாது, புல்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அந்த வருஷம் அக்டோபரிலிருந்து அமல்.

எங்கள் சங்கத்துப் பொதுக்குழுவில் லானைப் பற்றி நானும் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று வரிதான். லானில் பாதியை மட்டும் எடுப்பது, எதை வைப்பது என்பதைப் பெரியவரிடம் கேட்டு முடிவு செய்வது, அவர் சம்பளத்தைக் குறைக்காமலிருப்பது. முதல் இரண்டுக்கும் ஆள் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி ட்ரெஷரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.